பழைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசலை நம்பி வாங்கலாமா? வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: 2017 மாடல் ஈகோஸ்போர்ட் டீசல் வண்டி ஒன்று 88,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் விலைக்கு வந்திருக்கிறது, ஃபோர்டு இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்ட பிறகு அதை வாங்குவது சரியா, அந்த வண்டியில் வழக்கமாக என்னென்ன கோளாறுகள் வரும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

2021 நவம்பரில், அதாவது ஃபோர்டு தன் முடிவை அறிவித்த இரண்டாவது மாதத்தில், தஞ்சாவூரில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவரிடமிருந்து 2016 மாடல் ஈகோஸ்போர்ட் டீசலை நான் வாங்கினேன். இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் இரண்டு விஷயங்கள் காகிதத்தில் நிரூபணமாக வேண்டும்: வண்டி உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது ஒன்று, இன்ஜினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் மாற்றப்பட்டதா இல்லையா என்பது மற்றொன்று. இந்த இரண்டும் தெளிவாகாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதலில் ஒரு விளக்கம். "ஈகோஸ்போர்ட் நல்ல வண்டியா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை, ஏனென்றால் 2013 முதல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஒரே பெயரில் வெளிவந்த வண்டிகளுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இன்ஜின்களும் கியர்பாக்ஸ்களும் இருந்தன. அவற்றில் நான் தவிர்க்கச் சொல்வது, தொடக்க ஆண்டுகளில் 1.5 லிட்டர் பெட்ரோலோடு வந்த இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை. பவர்ஷிஃப்ட் என்ற அந்த வகைக் கியர்பாக்ஸ் நெரிசலில் உதறுவது பல நாடுகளில் புகாராக எழுந்தது. ஆஸ்திரேலியாவில் அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது, அந்த வழக்கில் ஈகோஸ்போர்ட்டும் இருந்தது. 2017 நவம்பரில் வந்த புதிய தோற்ற வண்டியின் ஆட்டோமேட்டிக் வேறு வகை, அதற்கு இந்தக் குறை இல்லை. ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜின் ஓட்டுவதற்கு மிக இனிமையானது. ஆனால் அதன் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே சுழல்வதால், குறிப்பிட்ட தரத்து ஆயிலை விட்டு வேறு எதையாவது ஊற்றியிருந்தால் பெல்ட் கரைந்து, அதன் துகள்கள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்து, ஆயில் அழுத்தம் குறைந்துவிடும். முந்தைய உரிமையாளர் எந்த ஆயிலை ஊற்றினார் என்று எல்லா ரசீதுகளும் இருந்தாலன்றி அதைப் பழையதாக வாங்குவது துணிச்சல்தான்.

நீங்கள் பார்க்கும் 1.5 லிட்டர் டீசல் மேனுவல்தான் இவற்றில் பாதுகாப்பான தேர்வு. பழைய பிஎஸ்4 புகைவிதிக்கு உட்பட்ட வண்டி என்பதால், 2020க்குப் பிறகு வந்த டீசல்களில் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களைச் சோதிக்கும் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டியின் அடைப்புத் தொல்லையும் இதில் இருக்காது. ஆனால் இதிலும் சங்கிலி இல்லை, பெல்ட்தான். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜினின் மேல்பகுதியே நாசமாகும். முன்னறிவிப்பாகச் சத்தமோ விளக்கோ வராது. மாற்ற வேண்டிய எல்லையைக் கையேடு கிலோமீட்டரிலும் ஆண்டிலும் சொல்கிறது, இவற்றில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. "இன்னும் ஒரு லட்சமே ஆகவில்லையே" என்று விற்பவர் சொல்வார். ரப்பருக்கு வயதும் உண்டு என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

என் வண்டியை வாங்கியபோது பெல்ட் மாற்றியதற்கான ரசீது இல்லை. அதனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு முதல் வாரமே மாற்றினேன். மெக்கானிக் கழற்றிய பெல்ட்டைப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். நேராகப் பிடித்தபோது புதிது போலத் தெரிந்த அந்தப் பெல்ட்டில், மடக்கியதும் பற்களின் வேரில் மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் திறந்தன. அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது என்பதால் பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடித்து வழிநடத்தும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள் அனைத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய பம்ப் பின்னால் கசிந்தால் மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும், கூலியை இரண்டு முறை தர நேரும்.

கிலோமீட்டரைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். தஞ்சாவூர் வண்டிக்கு முன்னால் ஒரு கார் கன்சல்டிங்கில் இதே மாடலைப் பார்த்தேன். மீட்டரில் 52,000. உள்ளே உட்கார்ந்தால் கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் வலப்பக்கம் முழுவதுமாக வழுக்கையாகியிருந்தன, ஸ்டியரிங்கில் கை படும் இடம் மெழுகு போல மின்னியது. நான்கு டயர்களிலும் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் நான் பார்க்கப் போன ஆண்டையே காட்டியது, அதாவது நான்குமே புதியவை. 52,000 கிலோமீட்டருக்குள் எத்தனை ஜோடி டயர் தேய்ந்திருக்கும்? வண்டியின் கணினியில் பதிவானதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைக் கையோடு கொண்டு போயிருந்தேன், அதைச் செருகியபோது, கோளாறுக் குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம் 9 கிலோமீட்டர் என்று வந்தது. அதாவது நான் வருவதற்குச் சற்று முன்னால்தான் எதையோ அழித்திருக்கிறார்கள். சேசிஸ் எண்ணை வைத்துச் சர்வீஸ் சென்டரில் விசாரித்ததில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே 1,14,000 கிலோமீட்டரில் அந்த வண்டி சர்வீஸுக்கு வந்திருந்தது. எனவே மீட்டரை நம்பாதீர்கள். உரிமையாளரின் அனுமதியோடு சர்வீஸ் வரலாற்றை அச்சிட்டு வாங்குங்கள். சில ஊர்களில் ஃபோர்டு சர்வீஸ் சென்டர்கள் குறைந்துவிட்டதால் இதற்காக வேறு ஊருக்குப் போக நேரலாம், போய் வாருங்கள்.

வண்டியைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அன்று திரும்பிவிட்டு மறுநாள் வாருங்கள். கூலண்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் இருக்கக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது. ஓட்டும்போது நான்காம் கியரில் நாற்பது வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் போய்விட்டது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்பக்கம் "டொக் டொக்" என்று தட்டினால் பெரும்பாலும் சஸ்பென்ஷனின் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ்ஷாக இருக்கும். நம் சாலைகளில் இது தேய்வது இயல்பு, பேரம் பேசத்தான் உதவும், வண்டியை ஒதுக்கக் காரணமாகாது.

இந்த வண்டிக்கே உரிய ஓர் இடத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஸ்டெப்னி டிக்கிக் கதவின் மேலேயே தொங்குகிறது, கதவு பக்கவாட்டில் திறக்கிறது, கைப்பிடி வலது பின்விளக்கை ஒட்டி மறைந்திருக்கிறது. அந்தப் பாரம் முழுவதையும் ஒரு பக்கக் கீல்கள் தாங்குகின்றன. கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து ஓரத்தை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கும், மேடுபள்ளத்தில் பின்னாலிருந்து ஓயாமல் கடகடக்கும். பின்னாலிருந்து யாராவது இடித்திருந்தால் முதலில் அடி வாங்கியிருப்பதும் ஸ்டெப்னியும் அந்தக் கதவும்தான். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, கீல் போல்ட்டுகளின் பெயிண்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். டிங்கரிங் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் போல்ட் தலைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சென்னைப் பதிவெண் என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தால், கழுவ எட்டாத கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு தெரியும். முன் சீட்டுகளின் அடித் தண்டவாளத்தில் துரு, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். வெள்ளத்தில் நின்ற வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வயரிங்கில் புகுந்த ஈரம் எங்கே, எப்போது வெளிப்படும் என்று எந்த மெக்கானிக்காலும் உறுதி சொல்ல முடியாது.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை உங்கள் அச்சம் ஓரளவுதான் நியாயம். 2021 செப்டம்பரில் விலகலை அறிவித்தபோதே சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது. ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச், பெல்ட் போன்ற தேயும் பொருட்கள் கிடைக்கின்றன. பம்பர், விளக்கு, எலக்ட்ரானிக் பெட்டிகள் போன்றவற்றுக்குக் காத்திருக்க நேரலாம் என்பதால், உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள சர்வீஸ் சென்டரில் முன்விளக்கு ஒன்றின் விலையையும் எத்தனை நாளில் வரும் என்பதையும் கேட்டுவிட்டே விலை பேசுங்கள். மறைமலை நகர் ஆலையை மறுபடியும் இயக்கப்போவதாக 2024இல் வந்த அறிவிப்பு ஏற்றுமதிக்கானது. அதைக் காட்டி விலையை ஏற்றினால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கடைசியாகக் காகிதங்கள். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றான என்ஓசியும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். நிலுவையிலுள்ள அபராதங்களைப் பரிவாகன் தளத்தில் பாருங்கள். நடப்பு இன்சூரன்ஸ் நகலில், இழப்பீடு கோராதவருக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதைப் பலர் தவறவிடுகிறார்கள்: ஒரே உரிமையாளர் விடாமல் புதுப்பித்துவந்த வண்டியில் 50 சதவீதம் இருந்தால் குறைந்தது ஐந்து ஆண்டுகளாக அவர் இழப்பீடு கோரவில்லை என்று பொருள், பூஜ்யம் என்றால் போன ஆண்டு என்ன நடந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். அந்தப் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருடையது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய கையோடு, 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.