மதிப்பெண்ணைச் சங்கிலியில் ஏற்றலாமா?

400 மாணவர்களின் மதிப்பெண் சான்றிதழ்களை, பெயர், மதிப்பெண் எல்லாவற்றோடும் பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பதிவேட்டுச் சங்கிலியில்) ஏற்றப் போவதாகவும், பின்னால் பிழை தெரிந்தால் எப்படித் திருத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றியதை அழிக்க முடியாது. அதனால் தயவுசெய்து அப்படி ஏற்றாதீர்கள், அது மாணவர்களின் சொந்த விவரம்.

சான்றிதழ் கோப்பு மாணவரிடமே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்து, அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் ஹாஷ் எடுத்துக்கொண்டே போகும் மெர்க்கில் மரமாகக் கோத்து, உச்சியில் வரும் 32 பைட் மதிப்பை மட்டும் சங்கிலியில் எழுதுங்கள். 400 பேருக்கும் ஒரே பரிவர்த்தனை, அதாவது சங்கிலியில் ஒரே ஒரு பதிவு, போதும். 2017-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பட்டதாரிகள் 111 பேருக்கு பிளாக்சர்ட்ஸ் என்ற பிளாக்செயின் சான்றிதழ் முறை வழியாக டிஜிட்டல் பட்டம் கொடுத்தபோதும் சங்கிலியில் போனது ஹாஷ்தான், பட்டம் அல்ல. ஒன்று முக்கியம்: ஹாஷ் எடுக்கும் முன் ஒவ்வொரு சான்றிதழிலும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு ரகசியத் தற்போக்கு எண்ணைச் சேருங்கள். இல்லையென்றால் பெயர் தெரிந்தவர் மதிப்பெண்ணை ஒவ்வொன்றாகப் போட்டு ஹாஷ் எடுத்து, எது பொருந்துகிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

பிழை வந்தால் பழையதை ரத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டு, புதிதாக ஒன்று கொடுங்கள். சரிபார்க்கும் மென்பொருள் அந்தப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், கையொப்பமிடும் சாவி (சான்றிதழ் நீங்கள் கொடுத்ததுதான் என்று உறுதிசெய்யும் ரகசியக் குறியீடு) யாரிடம் இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே ஊழியரின் மடிக்கணினியில் வைக்காதீர்கள். அது திருடுபோனால் போலிச் சான்றிதழும் 'அசல்' என்றே காட்டும். முதலில் அதை முடிவு செய்யுங்கள், நிரல் எழுதுவது அப்புறம்.