முன்பு வாசித்தவரின் கை

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக நண்பர்களோடு ஒரு சிறிய குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது ஒரு பழைய பேஸ் விலைக்கு வந்திருக்கிறது. மேடையிலும் ஒலிப்பதிவிலும் பல வருடம் வாசித்த ஒரு தொழில்முறைக் கலைஞருடையது. அவரிடமிருந்து வாங்கியவர் இப்போது விற்கிறார். கலைஞரின் பெயரைச் சொல்லி விலையும் கூடுதலாகக் கேட்கிறார். எடுத்து வாசித்துப் பார்த்தேன். கம்பிகள் தடியாக, உயரமாக இருந்தன. ஒலியும் மந்தம். ஏமாற்றமாகிவிட்டது, ஆனாலும் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கம்பியின் உயரமும் மந்தமான ஒலியும்தான் உங்கள் தயக்கம் என்றால், அவற்றை வைத்து அந்தக் கிட்டாரை ஒதுக்கிவிடாதீர்கள். அது வாசித்தவர் தன் கைக்கும் காதுக்கும் ஏற்பச் செய்துகொண்ட ஏற்பாடாக இருக்கலாம். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் அப்படிப்பட்டதுதான். மேற்பரப்பு வழவழப்பான, தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், உயரமான கம்பி நிலை, அதாவது ஆக்‌ஷன். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். நின்றபடி வாசிக்கும் பெரிய மரக் கருவியான டபுள் பேஸிலிருந்து வந்தவர் என்பதால் அந்த உயரம் அவருக்குப் பழக்கம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அந்தக் கிட்டாரை ஒரு கடையில் ஐந்து நிமிடம் வாசித்துப் பார்ப்பவர் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார்.

நீங்கள் பார்க்க வேண்டியது நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி. பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, தடித்த கம்பி என்றால் இன்னும் கூடுதலாக. வருடக்கணக்கில் அந்த இழுப்பைத் தாங்கிய மரம் அது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிந்தால் நல்லது. பெரிய இடைவெளி என்றால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்திருக்கும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைக் கொஞ்சம் இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதுவோ கடைசிவரை இறுக்கப்பட்டுவிட்டது, நெக் இன்னும் வளைந்தே இருக்கிறது என்றால் வேண்டாம். முறுக்கிக்கொண்ட நெக்கும் வேண்டாம், யார் வாசித்ததாக இருந்தாலும் சரி.

ஃப்ரெட் தேய்மானத்துக்குப் பயப்பட வேண்டாம். சீவிச் சமன்செய்யலாம், புதிதாகவும் போடலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஃப்ளாட்வவுண்ட் கம்பி ஃப்ரெட்டை அதிகம் தேய்க்காது. இப்போது அந்தக் கம்பி இருந்தும் ஃப்ரெட்டில் ஆழமான பள்ளங்கள் தெரிந்தால், முன்பு நெடுநாள் மேற்பரப்பு சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பியில் வாசித்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். எந்த ஃப்ரெட்டுகளில் பள்ளம் அதிகம் என்று பார்த்தால், அவர் கை எங்கே குடியிருந்தது என்பதும் தெரியும். எனக்கு இதையெல்லாம் பார்ப்பதில் தீராத ஆசை.

வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு சின்ன விஷயம். மிக மெல்லிய கம்பியான ஜி கம்பியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட் பக்கம் ஏதாவது ஒரு ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடலாம். நல்ல பேஸ்களிலும் அது உண்டு.

நான் ஒருமுறை ஒரு கலைஞரின் பேஸை வாங்கினேன். ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் குமிழ் கீழ்க்கோடியில் அசையாமல் நின்றது. பழுது என்று நினைத்து உடனே மாற்றிவிட்டேன். பிறகு அவரைச் சந்தித்தபோதுதான் தெரிந்தது, மேடையில் கை பட்டுத் திரும்பாமல் இருக்க அவரே பசை வைத்து ஒட்டியிருக்கிறார். அதற்கு ஏற்றபடிதான் கம்பியும் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவற்றையும் நான் அதற்குள் கழற்றி எறிந்துவிட்டிருந்தேன். கேட்காமல் செய்துவிட்டோமே என்ற வருத்தம் இன்றும் போகவில்லை. அதனால் சொல்கிறேன், வாங்கினால் ஒரு மாதம் எதையும் மாற்றாமல் வாசியுங்கள். அப்புறம் மாற்றத்தான் வேண்டும் என்றால், 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு மாற்றுங்கள்.

பெயருக்காகக் கேட்கும் கூடுதல் விலையை ஆதாரம் இருந்தால் மட்டும் கொடுங்கள். பழைய மேடைப் படத்தில் அதே மர ரேகை, அதே கீறல் தெரிய வேண்டும். அல்லது அவர் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் வேண்டும். சீரியல் நம்பரையும் சரிபாருங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972இல் திருடுபோய், ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அவரிடம் திரும்பியது. ஜேமர்சனின் பேஸும் 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடப்பட்டது. இசைக்கலைஞரின் கையிலிருந்து ஒரு கருவி எப்படி வெளியே போனது என்று கேட்பது தவறே இல்லை.

அந்தக் கலைஞர் இருக்கிறார் என்றால், பணம் கொடுக்கும் முன் எப்படியாவது அவரிடம் பேசிவிடுங்கள். அவர்தான் விற்றாரா என்று கேளுங்கள். அப்படியே, என்ன கம்பி போட்டிருந்தார், ஏன் அவ்வளவு உயரம் வைத்தார் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.