படம் பார்க்கும் மூளையும் பாமணியாறும்

அன்புள்ள ஐயா,

சினிமா பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்தால் எந்தப் பகுதி எதோடு இணைந்து வேலை செய்கிறது என்று தெரியும், அதை வைத்து ஆளையே அடையாளம் காணலாம் என்று ஒரு செய்தியில் படித்தேன். ஆனால் இரண்டாம் தடவை படம் பார்க்கிறவன் கதை தெரிந்தவன் ஆயிற்றே, அளவு மாறாதா? எங்கள் அப்பாவுக்கு ஞாபகமறதி. இப்படி ஒரு ஸ்கேன் எடுக்கலாமா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவுக்கு இது வேண்டாம். நரம்பியல் மருத்துவர் வழக்கமான எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால் எடுங்கள். அது மூளையின் அமைப்பைப் பார்ப்பது. பி12, தைராய்டு பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் அதில் அகப்படுவதுண்டு. நீங்கள் படித்த இணைப்பு வரைபடம் இன்னும் ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம்தான்.

அதை எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்வதைப் பார்க்கும் ஸ்கேன், மூளைக்குள் ஓடும் கம்பி எதையும் பார்ப்பதில்லை. நரம்பணுக்கள் வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்து உச்சத்துக்கு வரும் ரத்த ஆக்சிஜன் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. இரண்டு இடங்களில் அது சேர்ந்து ஏறி இறங்கினால் ‘இணைப்பு’ என்கிறார்கள். சும்மா படுத்திருப்பவர்களிடமே இது தெரிகிறது என்று 1995இல் பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளர் காட்டினார். 2004இல் ஊரி ஹாசன் குழுவினர் ஒரு கௌபாய் படத்தை அரை மணி நேரம் ஓட்டினார்கள். பார்த்தவர்களின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், கணிசமான பகுதி ஆளுக்கு ஆள் ஒத்து ஏறி இறங்கியது.

சிக்கலும் அங்கேதான். கல்லணையில் ஷட்டரைத் தூக்கினால் உங்கள் பாமணியாற்றிலும் ஏறும், ஒரத்தநாட்டுப் பக்கம் புதாற்றிலும் ஏறும். அளவுகோலை மட்டும் பார்க்கிறவர் இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் இருப்பதாக எழுதிவிடுவார். திரையில் குண்டு வெடிக்கும்போது பார்க்கும் பகுதியும் கேட்கும் பகுதியும் சேர்ந்து எழுவதும் அப்படி இருக்கலாம்.

சரி, நம்பகத்தன்மை. ஒரே ஆளின் அளவு நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது, ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு ஓர் எண் தருவார்கள். 1 என்றால் முழு நம்பகம், 0.4க்குக் கீழே மோசம். 2019இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தனித்தனி இணைப்புகளுக்குச் சராசரி 0.29தான் வந்தது. குறைந்த நேர ஸ்கேன், தலை அசைவு, தூக்கம் எல்லாம் இதைக் கெடுக்கும். படம் ஓடினால் பின்னிரண்டும் குறைகின்றன. சும்மா படுத்திருப்பதைவிடப் படம் பார்ப்பது நம்பகத்தை உயர்த்தியது என்று 2017இல் ஓர் ஆய்வும் வந்தது.

ஆனால் எனக்குச் சுவாரசியமானது இதன் மறுபக்கம். படம் எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கினால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் சுருங்கும். கருவி ஒழுங்காக அளந்திருந்தாலும் இந்த எண் இறங்கிவிடும்! எண் உயர்ந்தால் மட்டும் அளந்தது இணைப்பைத்தான் என்று ஆகிவிடுமா? ஆகாது. அப்புறம் ஆளை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்றால், ஆயிரக்கணக்கான இணைப்புகளின் மொத்த வடிவத்தை வைத்து. தனி இணைப்பு பலவீனமாக இருந்தாலும் கூட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் தடவை பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. கதை தெரிந்தால் கவனம் வேறு இடத்துக்குப் போகும். மூளை இணைப்புகளை வரைபடமாக்கும் அமெரிக்காவின் ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் நான்கு சுற்றுகளாகப் படம் காட்டினார்கள். துண்டுகள் சுற்றுக்குச் சுற்று வேறு. கடைசியில் மட்டும் ஒரே சின்னத் துண்டு நான்கிலும் வரும், ஒப்பிட்டுப் பார்க்க. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிக் கிடைத்த எண்ணைவிட, வேறு வேறு படங்களிலும் மாறாமல் நிற்கிற இணைப்பைத்தான் நான் நம்புவேன்.