ஒன்றரை வயதுப் பையன் இன்னும் பேசவில்லை, பரிசோதிக்க வேண்டுமா?

ஆமாம். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். பேச்சோடு விரலையும் கவனியுங்கள். விமானம் போனால் விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு, இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாள் இப்படித்தான் கேட்கும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 20 கேள்விகள். பெற்றோர் ஆம், இல்லை என்று சொன்னால் போதும். மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது, அடுத்த கட்டமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், காது சரியாகக் கேட்கிறதா என்றும் சோதியுங்கள். செலவுக்குத் தயங்க வேண்டாம்: 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து இலவசமாகப் பார்க்கும்.