அந்த வீடுகளின் நெற்றியில் ஒரு கொக்கி

அன்புள்ள அக்கா,

சென்ற ஆண்டு அலுவலக வேலையாக ஆம்ஸ்டர்டாம் போயிருந்தபோது நண்பர்களோடு படகில் ஒரு மணி நேரம் கால்வாய்களைச் சுற்றினேன். அழகுதான், ஆனால் எனக்கு எல்லா வீடும் ஒன்றுபோலவே தெரிந்தது. முகப்பின் அகலத்துக்கு வரி போட்டதால் ஒல்லியாகக் கட்டினார்கள் என்று படகில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. வரும் மே மாதம் மறுபடி போகிறேன், இந்த முறை அப்பாவும் வருகிறார். பெரம்பூர் பக்கம் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். அவருக்கு அந்த ஊரில் எதைக் காட்டலாம்? முழங்கால் வலி உண்டு, நிறைய நடக்க மாட்டார்.

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

அப்பாவையும் அழைத்துப்போகிறீர்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு கொத்தனார் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர் அது.

படகை இந்த முறை விட்டுவிடுங்கள். நடக்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள், எதிர்க்கரையைப் பாருங்கள். நாம் நடக்கிற பக்கத்து வீட்டை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். எதிர்க்கரை வீடு தண்ணீருக்கு அந்தப் பக்கம் வாசல்படியிலிருந்து உச்சிவரை முழுசாக நிற்கும். மே மாதம் கரையோரத்து எல்ம் மரங்கள் தழைத்துப் பாதி முகப்பை மறைத்துவிடும் என்பதால் பாலங்களில் நின்று பார்ப்பது நல்லது (அந்த மரங்களின் விதைகள் வெள்ளைச் சருகுபோல உதிர்ந்து கல் பாவிய தெருவெல்லாம் பறக்கிற காலமும் அதுதான்).

அப்படி முழுசாகப் பார்க்கும்போது ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் ஒரு உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் அதன் முனையில் இரும்புக் கொக்கி தொங்குவதும் தெரியும். எனக்கு அந்த ஊர் புரிய ஆரம்பித்தது அந்தக் கொக்கியிலிருந்துதான். அவை வெறும் வீடுகள் அல்ல. கீழே வியாபாரியின் குடும்பம், மேலே பரணில் அவருடைய சரக்கு. சரக்கு படகில் வாசலுக்கே வந்தது, கொக்கியில் கப்பியைக் கட்டி நேராக மேலே இழுத்துக்கொண்டார்கள். 1613-இல் இந்தக் கால்வாய் வளையத்தைத் தோண்டத் தொடங்கியபோது கரையோர மனைகளை அளந்து பிரித்து விற்றார்கள். படகு வந்து நிற்கிற கரை எல்லாருக்கும் வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். வரிக் கதையைவிட இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், முன்னால் ஒடுங்கிப் பின்னால் நீண்டு போகிற அந்த வீடுகளின் காரணம் தானாகப் பிடிபடும்.

கொக்கி இன்றைக்கும் வேலை செய்கிறது. பிரின்சென்கிராக்ட் கால்வாய்க் கரையில் ஒருநாள் காலை ஒரு மர அலமாரி மேலே போவதைப் பார்த்தேன். உள்ளே படிக்கட்டு ஏணிபோலச் செங்குத்து, அலமாரி அதில் திரும்பாது. மூன்றாவது மாடி ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றிவிட்டு ஒருவர் இடுப்புவரை வெளியே சாய்ந்து நின்றார். கீழே இரண்டு பேர் கயிறு இழுத்தார்கள். நம்மூர்க் கிணற்றுக் கப்பி மாதிரியே கிறீச் கிறீச் என்று சத்தம். ஒவ்வொரு இழுப்புக்கும் அலமாரி மெல்லச் சுழன்றுகொண்டே ஏறியது, ஒருமுறைகூடச் சுவரில் உரசவில்லை.

ஏன் உரசவில்லை என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் கண்ணாலேயே தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார், சுவர் தெருப்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கிறது. கட்டும்போதே வேண்டுமென்று அப்படிச் சாய்த்தார்கள். சரக்கு இடிக்காது, மழைத்தண்ணீரும் சுவரில் வழியாது. பக்கவாட்டில் பக்கத்து வீட்டின்மேல் சாய்ந்து நிற்கிறவை வேறு, அது கடைக்கால் இறங்கியதால் வந்தது. ஊர் முழுக்கச் சேற்று நிலம். கெட்டியான மணல் சுமார் 12 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, அதுவரை நீண்ட மரக் கம்பங்களை அடித்து இறக்கி அவற்றின்மேல் செங்கல் கட்டினார்கள். மரம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்வரை காற்றுப் படாது, நூற்றாண்டுகள் தாங்கும். நிலத்தடி நீர் இறங்கினால் தலைப்பகுதி உளுக்க ஆரம்பிக்கும். டாம் சதுக்கத்தில் இருக்கிற அரண்மனை 1648-இல் நகர மன்றமாகக் கட்டத் தொடங்கியது, அதன் அடியில் மட்டும் 13,659 மரங்கள். வருடத்தின் 365 நாளுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்பதும் போட்டு அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கால்வாய்களின் கரைச்சுவரும் இந்த மரங்களின்மேல்தான் நிற்கிறது. 2020-இல் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் ஒரு பகுதி சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. பல இடங்களில் இரும்புத் தகடு இறக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அப்பா அங்கே கண்டிப்பாக நின்றுவிடுவார், அவசரப்படுத்தாதீர்கள்.

நடப்பதற்கு ஒரே ஒரு கால்வாய் போதும், கெய்சர்ஸ்கிராக்ட். வடக்கு முனையில் இரட்டைப்படை எண்கள் இருக்கும் கரையில் தொடங்குங்கள். 40 முதல் 44 வரை படிப்படியாக உச்சி வைத்த மூன்று பழைய கிடங்குகள், திமிங்கில எண்ணெய் வைத்திருந்தவை. கொஞ்ச தூரத்தில் எதிர்க்கரையில் 123, ஆறு தெய்வத் தலைகள் செதுக்கிய 1622-ஆம் வருட வீடு. அப்படியே லெய்ட்செகிராக்ட் என்ற குறுக்குக் கால்வாய்வரை போங்கள். முதல் கட்டத்தில் தோண்டியது அங்கே முடிகிறது, மீதியை 1660-களில்தான் தொடர்ந்தார்கள். அப்பாவுக்கு முடியவில்லை என்றால் பக்கத்துத் தெருவிலேயே டிராம் உண்டு. அப்புறம் ஹீரென்கிராக்ட் கால்வாயின் வளைவு. பணம் பெருகியபின் கட்டியவை, இரண்டு மனைகளைச் சேர்த்த அகல வீடுகள். சரக்கு வேறு கிடங்குக்குப் போய்விட்டது, கொக்கியும் முகப்பிலிருந்து மறைந்துவிட்டது. அங்கே 502-ஆம் எண் வீடு இப்போது மேயரின் இல்லம். அதை 1672-இல் கட்டிக்கொண்டவர் அடிமை வணிகத்தில் இருந்தவர் என்று வாசலில் கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் படிக்காமல் வராதீர்கள்.

கடைசியாக அவ்டே ஹோக்ஸ்ட்ராட் தெரு. 22-ஆம் எண்ணில் இரண்டு மீட்டர் அகல வீடு ஒன்று இருக்கிறது, எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் எடுங்கள், ஆனால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஒட்டினாற்போல ஒரு வாசல், அதன் வழியாகச் செங்கல் முற்றத்துக்குப் போகலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் அது, இப்போது பல்கலைக்கழகம். உங்கள் வீட்டிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது இந்தக் கம்பெனிதான், அதுவும் இங்கே கால்வாய் வெட்டத் தொடங்கிய அதே 1613-இல். நம் கரையில் நெய்த துணியை இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் மசாலா வாங்கினார்கள். பழவேற்காட்டிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்தப் பரண்களுக்கு ஏறிய மூட்டைகளில் நம் ஊர் உழைப்பும் இருந்தது என்பதை அந்த முற்றத்தில் நின்றபோது நான் மிகவும் கனத்து உணர்ந்தேன்.

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போங்கள். டச்சுக் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள்.

அன்புடன்,
அக்கா