ஷெங் லாங் யார்? விளையாட்டுப் பிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ கேமின் ஆங்கிலப் பதிப்பில் ர்யூ என்ற வீரன் ஜெயித்ததும், "ஷெங் லாங்கைத் தோற்கடித்தால்தான் உனக்கு வாய்ப்பு" என்கிறான். யார் அந்த ஆள்?

பதில்: ஆளே இல்லை, அது ஒரு குத்து. 1991இல் வந்த ஜப்பானிய மூலத்தில் அவன் சொல்வது, "ஷோர்யூகெனை முறியடிக்காதவரை உனக்கு வெற்றி கிடையாது" என்பதுதான். எகிறிக் குதித்து மேல்நோக்கி விடுவானே, அந்தக் குத்துதான் ஷோர்யூகென். மூன்று எழுத்துகளில் எழுதுவார்கள்: எழுதல், டிராகன், முஷ்டி. முதல் இரண்டைச் சீன உச்சரிப்பில் வாசித்தால் ஷெங் லாங். முஷ்டி எப்படியோ விடுபட்டுவிட, மிச்சம் ஆள் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் கூத்து. 1992இல் சூப்பர் நிண்டெண்டோ என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வந்தபோது திரையில் வந்த வசனத்தை "என் டிராகன் பஞ்ச்" என்று சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதே பெட்டியில் வந்த கையேட்டில் ர்யூவுக்கும் இன்னொரு வீரனான கென்னுக்கும் குரு ஷெங் லாங் என்று அச்சாகியிருந்தது. அதைப் படித்த பையன்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

கேள்வி: ஷெங் லாங்கை வரவழைப்பது எப்படி?

பதில்: முடியாது. எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி என்ற அமெரிக்கப் பத்திரிகை 1992 ஏப்ரல் இதழில் விட்ட முட்டாள்கள் தினக் கதை அது. ஓர் அடிகூட வாங்காமல் கடைசி எதிரியான பைசன்வரை போய், அவனோடு பத்துச் சுற்று யாரும் யாரையும் அடிக்காமல் ஓட்டினால் குரு குதித்து வருவாராம்.

கேள்வி: அதே விளையாட்டில் வரும் பாக்ஸருக்கு ஜப்பானில் பைசன் என்றுதானே பெயர்? அதுவும் மொழிபெயர்ப்புப் பிழையா?

பதில்: இல்லை. பிழை வேறு, தெரிந்தே மாற்றியது வேறு. மைக் டைசனின் சாயல் அப்பட்டமாக இருந்ததால், வழக்கு வரும் என்று பயந்து மூன்று வில்லன்களின் பெயர்களை வெளிநாட்டுப் பதிப்பில் சுழற்றிவிட்டார்கள். அப்படித்தான் பைசன் என்ற பெயர் கடைசி எதிரிக்குப் போனது.

கேள்வி: செல்டா விளையாட்டில் பூசாரி ஆங்கிலத்தில் மந்திரவாதி ஆனது?

பதில்: மேலே சொன்னதுதான், தெரிந்தே செய்தது. மத வாடை வேண்டாம் என்று ஜப்பானில் தேவாலயமாக இருந்த இடத்தையும் வேறு பெயரில் மறைத்தார்கள்.

கேள்வி: ஃபைனல் ஃபேண்டஸி 7 விளையாட்டில் வரும் பெண்ணின் பெயர் ஏரிஸா, ஏரித்தா?

பதில்: ஏரித். ஜப்பானிய எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான். 1997இல் ஏரிஸ் என்று வந்தது, 2002இல் கிங்டம் ஹார்ட்ஸ் என்ற விளையாட்டு வந்தபோது ஏரித் ஆனது. கதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி: சீனத்தில் ஷெங் லாங் என்பது சரியான உச்சரிப்புதானே. பிறகு எப்படிப் பிழை என்கிறீர்கள்?

பதில்: உச்சரிப்பில் யார் குறை சொன்னது? வசனத்தில் இருப்பது அடியின் பெயர், ஆளின் பெயர் இல்லை.

கேள்வி: விடமாட்டேன். அடிக்குக் குருவின் பெயரையே வைத்திருக்கலாமே?

பதில்: வைத்திருக்கலாம், வைக்கவில்லை. குருவின் பெயர் கோகென். ர்யூ யாரை ஜெயித்தாலும் இதைத்தான் சொல்கிறான். தன் குத்தை வைத்துச் சவால் விடுகிறான் என்றால் பொருந்துகிறது. எங்கோ இருக்கும் குருவை ஜெயித்துவிட்டு வா என்றால் பொருந்துகிறதா? கையேடு எழுதியவர் குருவின் பெயர் தேடியிருப்பார், கைக்கு இது கிடைத்திருக்கும். இது என் ஊகம்தான். நீங்கள் சொல்வதற்கு மூலத்தில் ஒரு வரி காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் கேம் கடையில் ஒரு அண்ணன் ஷெங் லாங்கை வரவழைத்தாராம். எப்படி?

பதில்: பொய். மேலே இரண்டாவது கேள்வியைப் பார்க்கவும்.

கேள்வி: அப்போ பைசனை அடித்துக் கொன்றுவிட்டு வருகிற அந்தச் சிவப்பு முடி ஆள்?

பதில்: அது அகுமா, 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில். ரகசிய எதிரி, பைசனை ஒதுக்கிவிட்டுத் தானே நிற்பது என்று அந்தப் பத்திரிகைக் கதையை அப்படியே நினைவுபடுத்தும். கோகெனின் தம்பி. கோகென் நேரில் சண்டைக்கு வந்தது 2008இல், நான்காம் பாகத்தில்.

கேள்வி: ஷெங் லாங்கைத் திறக்கக் குறியீடு...

பதில்: அடுத்தவர்.