மலத்தில் ரத்தம் என்று முடிவு வந்தும் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) தள்ளிப்போவதை மின்னணு மருத்துவப் பதிவுகளால் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் டாக்டரின் திரையில் இன்னொரு எச்சரிக்கை போதாது. மற்றவற்றோடு அதுவும் புதைந்துவிடும். அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வில் வேறு வழியைப் பார்த்தார்கள். முடிவு பாசிட்டிவ், 60 நாளாகியும் கொலோனோஸ்கோபி இல்லை என்பவர்களைக் கணினி தேடி எடுத்தது. ஒருவர் கோப்பைப் படித்துச் சரிபார்த்து, டாக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினார், அசைவில்லையென்றால் தொலைபேசி. அந்த அழைப்புதான் முக்கியம்.

கோளாறு வருவது தேடல் விதியில். கொலோனோஸ்கோபிக்கு எழுதிக்கொடுத்ததையே 'முடிந்தது' என்று கணக்கிட்டால், தேதி ரத்தானவர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடுவார். பரிசோதனை அறிக்கை வந்ததை மட்டும் எண்ணுங்கள். வெளியே செய்த பரிசோதனையின் அறிக்கை, காகிதத்தை ஸ்கேன் செய்த படமாக இருந்தால் தேடலுக்குத் தெரியாது. அதற்குத்தான் கோப்பைப் படிக்கும் ஆள். மறுபடி செய்த மலப் பரிசோதனை நெகட்டிவ் என்பதற்காக ஒருபோதும் பெயரை நீக்காதீர்கள். குடலில் உள்ள கட்டியில் ரத்தம் விட்டுவிட்டுத்தான் கசியும்.